பூரண சஹகரணம்

ஒத்துழைப்பாளர் என்றொரு இனம் உண்டு. உழைப்பாளர் இனத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. திருவனந்தபுரம் பக்கம் சுற்றுலா வளர்ச்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் இவரைப் பார்க்கலாம். குத்துவிளக்கில் முதல் திரி ஏற்றுவார், தட்டில் கடைசிப் பருப்பு வடையை எடுப்பார், நடுவில் எழுந்து, உள்ளூரில் தொழில் செய்கிறவர் எல்லோருக்கும் பஞ்சாயத்தின் “பூரண சஹகரணம்” உண்டு என்று முழங்கிவிட்டு, கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். சஹகரணம் என்றால் மலையாளத்தில் ஒத்துழைப்பு. பூரணம் நமக்கே தெரியும், கொழுக்கட்டைக்குள் இருப்பது. இவருடைய கொழுக்கட்டையில் அது மட்டும் இராது.

போனக்காடு மலைக்குப் போகும் வழியில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் எலிசாள் இப்படி ஒருவரிடம்தான் மாட்டினாள். வார்டு மெம்பர் வேலாயுதன். அவள் கேட்டது ஒரே ஒரு வழிகாட்டிப் பலகை. முக்கில் இடப்பக்கம் திரும்பினால் அவள் வீடு. அது தெரியாமல் வண்டியெல்லாம் நேரே மலையேறிக்கொண்டிருந்தன. தானே பலகை வைத்தால் பஞ்சாயத்தில் பிடுங்கிவிடுவார்கள். இந்த சீசனும் இப்படியே போனால் வீட்டைப் பூட்டிவிட்டு, பழவங்காடியில் ஏதாவது துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

பலகை வந்தது. பத்தடி அகலம்! முக்கால்வாசி இடத்தில் மெம்பர், மேடையில் பேசியபோது எடுத்த போட்டோ, ஒற்றை விரலை உயர்த்தியபடி. கீழே மிளகு அளவில் அவள் வீட்டுப் பெயர். அம்புக்குறி? இடம் போதவில்லையாம். வந்தவர்களும் விரல் காட்டிய வழியே மலைக்குத்தான் போனார்கள்.

அம்புக்குறி கேட்டு ஓடினாள். அதற்குக் கமிட்டி கூட வேண்டும், எஸ்டிமேட் வேண்டும், இன்ஜினியர் லீவு. அதுவரை சேச்சி கொஞ்சம் சஹகரிக்கணும் என்றார். அடடா! ஒத்துழைப்பு அவர் தருவதில்லை, நாம் தருவது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

எலிசாள் லேசுப்பட்டவளா?

“அம்பு கிடக்கட்டும் மெம்பரே. போட்டோல உங்க முகம் பாதி நிழலாப் போச்சு. புதுசா ஒண்ணு எடுத்தா கொள்ளாம், நல்லா இருக்கும். வலது கையை மட்டும் பக்கத்துல நீட்டிக்கோங்க, கேட்டோ.”

மெம்பருக்கு வலது என்றால், எதிரே வருகிறவருக்கு இடது. கமிட்டி கூடவில்லை, இன்ஜினியர் வரவில்லை. மறுநாளே புதுப் பலகை நின்றது. ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து வந்த குடும்பம் மெம்பரின் கை நீண்ட பக்கம் திரும்பியது. இரண்டு அறையும் நிறைந்தது. எலிசாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நீங்களும் சிரிக்கிறீர்கள், சரி. போன வாரம் உங்களிடம் ஒருவர் உதவி கேட்டு வந்தபோது, “அதுக்கென்ன, நான் இருக்கேன்” என்று நெஞ்சில் கை வைத்தீர்களே, அந்தக் கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டியிருந்தால், மனுஷன் போக வேண்டிய இடத்துக்குப் போயிருப்பார்.