ஒரு மாத்திரை, ஒரு கப், ஒரு ஆள்

வீட்டில் காபி போட ஒரு அடுப்பும் ஒரு பாத்திரமும் போதும் என்று மனித குலம் நெடுங்காலமாகத் தப்பாக நம்பி வந்தது. லாரிக்காரர் வீட்டில் அந்தத் தப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அட்டைப்பெட்டி பிரிக்கப்பட்டு, குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் திருத்தப்பட்டது.

லாரிக்காரர் என்றதும் அவரிடம் இப்போது லாரி இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டி ஓய்ந்தவர். மைல்கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பார். அதற்கு மேல் படிக்க வேண்டி வந்தால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். ஆனால் ஞாபகசக்தி பொல்லாதது. எந்த ஆபீஸில், எந்த ஜன்னலில், எந்த முகம் தன்னை "நாளைக்கு வா" என்றது என்பதை இன்றைக்கும் மூக்கு முழியோடு சொல்வார். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனவரை, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிய ஒரு வழுக்கைத்தலையனை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஆள் செத்துப்போய்விட்டான் என்று யாரோ சொன்னபோது, "சர்டிபிகேட் பார்த்தியா?" என்றுதான் கேட்டார்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் மகனைப் படிக்க வைத்தார். "ஜன்னலுக்கு வெளியில நான் நின்னது போதும்டா. நீ உள்ள உக்காரு." மகன் உட்கார்ந்தான். இன்று ஒரு பெரிய ஆபீஸில் கண்காணிப்பாளர். அங்கே என்ன வேலை நடக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நடக்கிறதா என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

ஓட்டின காலம் முழுக்க லாரிக்காரர் காலைக் காபியை ரோட்டோரத்தில்தான் குடித்தார். சின்ன ஸ்டவ் ஒன்று, அடி நசுங்கிய பாத்திரம் ஒன்று, இரண்டும் லாரியிலேயே இருக்கும். வண்டியை விட்டு இறங்கிய அன்று அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இத்தனை வருஷம் நீங்க எங்கயோ குடிச்சீங்க, நான் இங்க குடிச்சேன். இனிமேலாவது காலையில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சூடா ஒரு காபி குடிக்கணும். வேற எனக்கு நகை நட்டு எதுவும் வேணாம்."

அன்றிலிருந்து அவர்தான் காபி போடுவார். அதே நசுங்கிய பாத்திரம். பின்வாசல் பக்கம் இரண்டு நாற்காலி. இரண்டு டம்ளர், ஒரே நேரத்தில் ஆவி பறக்கும். மிச்சத்தை யார் எப்போது எழுந்தாலும் சுட வைத்துக் குடித்துக்கொள்வார்கள். மாடியில் குடியிருக்கும் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், பாத்திரம் இறங்கும் சத்தம் கேட்டே வந்துவிடுவான். இப்படி எந்தவித ஒழுங்குமுறையும் இல்லாமல் ஒரு குடும்பம் சந்தோஷமாக இருந்தது. இது அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

"எங்க ஆபீஸ்ல பெரிய அதிகாரி ரூம்ல இதே காபி மெஷின்தான்பா," என்றான் மகன். குரலில் ஒரு பக்தி இருந்தது. "இந்த கேப்ஸ்யூலை உள்ள போடணும். பொத்தானை அமுக்கணும். அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு ருசி வேணுமோ அவ்வளவை அளந்து வச்சிருக்கான்."

லாரிக்காரர் அந்தக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை மாதிரி இருக்கேடா. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மாமா, இதுதான் இப்ப எல்லார் வீட்லயும்," என்றாள் மருமகள். "பாத்திரத்துல காபி காய்ச்சறாங்கன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"காபியைப் பாத்திரத்துல காய்ச்சாம கூடையிலயா காய்ச்சுவாங்க?" என்று கேட்டாள் மாமியார். அந்தக் கேள்வி பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. நசுங்கிய பாத்திரத்துக்கும் ஸ்டவ்வுக்கும் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டு, இரண்டும் பரண் மேல் ஏறின.

மறுநாள் காலை மெஷின் உறுமியது, இருமியது, கடைசியில் இருமல் மருந்து அளவுக்கு ஒரு கப் கொடுத்தது. லாரிக்காரர் அதை மனைவிக்குக் கொடுத்தார். அடுத்த மாத்திரையைப் போட்டார். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. தண்ணீர் சூடாக வேண்டுமாம். அவர் கப் வருவதற்குள் அவள் கப் ஆறிவிட்டது. மறுநாள் அவர் முதலில் எடுத்தார். அவர் கப் ஆறியது. அதற்கு மறுநாள் ஒரே கப்பை இரண்டு டம்ளரில் ஊற்றிப் பார்த்தார்கள். நாக்கு நனைவதற்குள் தீர்ந்துவிட்டது.

"டேய், ரெண்டு பேருக்குச் சேர்த்துப் போடற பொத்தான் எது?" என்று மகனைக் கேட்டார்.

"அப்படி ஒண்ணு கிடையாதுப்பா. இது தனிநபர் மெஷின். ஒரு மாத்திரை, ஒரு கப், ஒரு ஆள்."

"நாங்க புருஷன் பொண்டாட்டிடா."

"மெஷினுக்கு அது தெரியாதுப்பா."

அதற்குள் வேறு சிக்கல் வந்தது. ஆபீஸ் போக அவசரப்படும் மகன், பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கும் மருமகள், எந்த அவசரமும் இல்லாத மச்சான் என்று மூன்று பேரும் சேர்ந்து மெஷின் முன்னால் முட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் மருமகள் மாத்திரை போட்டுவிட்டுத் தலை வாரப் போனாள். திரும்பி வந்தபோது கப் மச்சான் கையில் இருந்தது.

"அது என் காபி!"

"பேர் எழுதியிருந்துச்சாம்மா?"

அன்று மகன் ஆபீஸிலிருந்து வரும்போதே ஒரு தெளிவோடு வந்தான். குடும்பத்தைக் கூடத்தில் உட்கார வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெஷினில் எந்தக் குறையும் இல்லை, குறையெல்லாம் நம்மிடம்தான் என்று அறிவித்தான். ஆகவே நாளை முதல் வரிசை. வரிசைக்கு டோக்கன். மாத்திரை வந்த அட்டைப்பெட்டியை மருமகள் சதுரம் சதுரமாக வெட்டினாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுவதற்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. இனி அதன் வழியாக மட்டுமே விநியோகம். காலை நேரத்தில் சமையலறைக்குள் பொதுமக்கள் பிரவேசிக்கக் கூடாது.

"என் வீட்டுக்குள்ள நான் வரிசையில நிக்கணுமா?" லாரிக்காரர் துள்ளி எழுந்தார். "ஊர்ல இருக்கற ஜன்னல் எல்லாம் பத்தாதுன்னு வீட்டுக்குள்ள ஒண்ணு தொறக்கறியா? மெஷினைத் தூக்கி லாரிக்கு அடியில போடறேன் பாரு!"

"லாரி இல்லையே அத்தான்," என்று மச்சான் நினைவுபடுத்தினான்.

மகன் பதறவில்லை. கூச்சல் போடுகிறவனை என்ன செய்ய வேண்டும் என்பது அவன் ஆபீஸில் கற்ற முதல் பாடம்.

"அப்பா, நீங்க எதுக்கு வரிசையில நிக்கணும்? நீங்க உள்ள உக்காரப் போறீங்க. நீங்கதான் பொறுப்பு."

லாரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"உள்ளயா?"

"உள்ள. நாற்காலி போட்டு."

மறுநாள் காலை லாரிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். முதல் வேலையாக, மெஷின் சரியாக இயங்குகிறதா என்று பரிசோதிக்க ஒரு கப் போட்டுக் குடித்தார். பரிசோதனை என்பதால் அதற்கு டோக்கன் கிடையாது. பிறகு ஜன்னல் கதவைத் திறந்தார். வெளியே நாலு முகங்கள். எல்லாம் தன் கையையே பார்க்கும் முகங்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு முதுகு நேராக நின்றது.

அந்த வாரத்திலேயே நடைமுறைகள் கிளைவிட்டன. டோக்கனை இடது கையால் நீட்டக் கூடாது. சில்லறைப் பேச்சுக் கூடாது. இடத்தை விட்டுப் போனவர் கடைசியில்தான் நிற்க வேண்டும். சர்க்கரை வேண்டுவோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மச்சான் மாடிப்படியில் இறங்கிவந்து நிற்க அலுப்புப்பட்டு, ஒரு செருப்பை வரிசையில் விட்டுவிட்டுப் போய்த் தூங்கினான். செருப்பு ஆளாகுமா என்ற கேள்வி எழுந்தது. லாரிக்காரர் கண்ணை மூடி யோசித்து, ஆகும் என்று தீர்ப்பளித்தார். அவரே எத்தனையோ வரிசையில் செருப்பு வைத்தவர்.

ஒரு நாள் மருமகள் வந்து, "மாமா, டோக்கன் நனைஞ்சிடுச்சு, பரவாயில்லையா?" என்றாள்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரம் கிழிந்திருந்தது.

"செல்லாதும்மா."

"நீங்கதானே மாமா இப்பத்தான் குடுத்தீங்க!"

"குடுத்தது நான்தான். வாங்கறதும் நான்தான். ஆனா ரெண்டும் வேற வேற பிரிவு. நாளைக்கு வா."

சொன்ன வாய் இனித்தது. 'நாளைக்கு வா.' இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் அந்த வழுக்கைத்தலையன் அப்படி ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தான் என்று அவருக்கு அன்று விளங்கியது. அவன் மேல் லேசாக ஒரு மரியாதைகூட வந்தது.

மகன் பூரித்துப்போனான். வீட்டில் காபி குடிப்பவர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. நிர்வாகம் சீர்பட்டதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அவனே இரண்டு நாள் காபி கிடைக்காமல் ஆபீஸ் போனான். போகும்போது, "கண்டிப்புன்னா இப்படித்தான் இருக்கணும்," என்று அப்பாவைப் பாராட்டிவிட்டுப் போனான்.

மனைவி மட்டும் தினமும் பின்வாசலை எட்டிப் பார்த்தாள். அங்கே இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏங்க, எனக்கு ரெண்டு கப் வேணும். ஒண்ணா, சூடா."

"ஒரு ஆளுக்கு ஒரு கப்புதான்."

"ஒண்ணு உங்களுக்குத்தாங்க. பின்னாடி போய் உக்காந்து குடிக்கலாம், வாங்க."

லாரிக்காரருக்கு ஒரு நொடி எழுந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நாற்காலி விடவில்லை. "நேரம் முடியாம எந்திரிக்கக் கூடாது. அப்புறம் இது ஒரு நடைமுறையாயிடும். எல்லாரும் ரெண்டு கப் கேப்பாங்க."

"நான் எல்லாருமா? நான் உங்க பொண்டாட்டி."

"இந்த ஜன்னல்ல புருஷன் பொண்டாட்டி எல்லாம் கிடையாது. டோக்கன் இருக்கா?"

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கு முழி எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்கிற மாதிரி பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஒரு கப் பரிசோதனை செய்ய உட்கார்ந்தார். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டது. தட்டினார். ஊதினார். அதன் வயிற்றுக்குள் உப்புப் படிந்துவிட்டது, மருந்து ஊற்றிக் கழுவும்வரை இயங்காது என்பது அந்த விளக்கின் பொருள். அவர் கவலைப்படவில்லை. மெஷின் ஓடாவிட்டால் என்ன, ஆபீஸ் ஓடலாமே. 'பராமரிப்புப் பணி' என்று சொல்லத் தயாராகி, கம்பீரமாக ஜன்னலைத் திறந்தார்.

வெளியே யாரும் இல்லை.

ஆளில்லாத ஜன்னல் உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பதை அவர் அன்றுதான் பார்த்தார். அப்போது ஒரு வாசனை வந்தது. மெஷினிலிருந்து ஒரு நாளும் வராத வாசனை. அதைப் பிடித்துக்கொண்டே பின்வாசலுக்குப் போனார்.

பரணிலிருந்து இறங்கிய ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. நசுங்கிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி தன் நாற்காலியில் இருந்தாள். எதிரே மகன், மருமகள், மச்சான் மூவரும், யாரும் சொல்லாமலே, கையில் டோக்கனோடு ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அவர்களுக்கு வேறு மாதிரி நிற்க மறந்துபோயிருந்தது.

லாரிக்காரர் நேராக முன்னால் போய்க் காலி நாற்காலியில் கை வைத்தார்.

"டோக்கன்?" என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"என்ன விளையாடறியா? நான் உன் புருஷன்."

"நேத்து ஜன்னல்ல நானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன்."

சட்டைப் பையைத் தடவினார். வீட்டில் எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தவர், தனக்கென்று ஒரு நாளும் ஒன்று எடுத்ததில்லை. இத்தனை நாளும் டோக்கன் இல்லாமல் காபி குடித்தது அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

"இரு, எடுத்துட்டு வர்றேன்," என்று உள்ளே ஓடினார். ஒரு டோக்கனை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். முறைப்படி வெளியே சுற்றி வந்து, தான் வைத்ததைத் தானே பெற்றுக்கொண்டார். திரும்பி வந்து முன்னால் நுழையப் போனபோது மகன் தோளைத் தொட்டான்.

"அப்பா, இடத்தை விட்டுப் போனா கடைசியிலதான் நிக்கணும். நீங்க போட்ட நடைமுறைதான்."

கடைசியில் நின்றார். மருமகள் வாங்கினாள். மகன் வாங்கினான். மச்சான் வாங்கி, அங்கேயே ஊதிக் குடித்தான். மனைவி தன் டம்ளரை நிரப்பிக்கொண்டாள். அவர் டோக்கனை வலது கையால், ஓரம் மடங்காமல் நீட்டினார். அவள் பாத்திரத்தைச் சாய்த்து அடியைக் காட்டினாள்.

"தீர்ந்துபோச்சு. நாளைக்கு வாங்க."

மறுநாள் அவர் எல்லோருக்கும் முன்பே எழுந்து பின்வாசலுக்குப் போனார். இன்று முதல் ஆள் நான்தான், இரண்டு டம்ளரும் ஒன்றாகத்தான் ஆவி பறக்கும் என்று மனசுக்குள் ஒரு துள்ளல். போய்ப் பார்த்தால், ஸ்டவ்வுக்கு முன்னால் வரிசையாக மூன்று செருப்புகள் இருந்தன. ஒன்று மச்சானுடையது, ஒன்று மருமகளுடையது, மூன்றாவது கண்காணிப்பாளருடைய ஆபீஸ் ஷூ.

லாரிக்காரர் ஷூவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.