கேப்டன் லாரபியின் மூக்கு

“மூக்கு இப்படி இல்லையோன்னு தோணுது” என்றாள் டாமரிஸ் லாரபி, கறுப்பு முக்காட்டை விலக்கியபடி.

ஓவியர் எல்நேதன் புரூவிட் பல்லைக் கடித்துக்கொண்டார். கப்பலோடு மூழ்கிப்போன அவள் கணவரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால், ‘நாலு வார்த்தை சொன்னால் போதும், இறந்தவரையும் சின்னத் தந்தத் தகட்டில் வரைந்து உயிரோடு நிறுத்துவேன்’ என்று பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள சேலம் துறைமுகப் பத்திரிகையில் மார்தட்டியவர் அவர்தான். இந்த அம்மாள் ‘அவரேதான்’ என்று தலையாட்டிவிட்டால் போதும், மற்ற விதவைகளும் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தத் துறைமுகத்தில் விதவைகளுக்குப் பஞ்சமில்லை. இல்லாவிட்டால் பழையபடி சாராயக்கடைப் பலகையில் வாத்து வரைய வேண்டியதுதான்.

“நீளமாம்மா, குட்டையா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

தூரிகையை நாக்கில் நனைத்து, படத்திலிருந்த மூக்கைத் துடைத்தார். தந்தத்தில் சாயம் ஊறாது, மேலாகத்தான் நிற்கும். மூக்கோடு ஒரு கன்னமும் அழிந்து வந்துவிட்டது. கன்னத்தைச் சரிக்கட்டப் போக, கண் கரைந்து தாடையில் வழிந்தது.

“ஐயோ, மறுபடியும் மூழ்குறாரே!”

“கண்ணு நீலம்தானே?” என்றார் அவசரமாக.

“நீலம்... சாம்பல்னும் சொல்லலாம். கடல் நிறம்னு வச்சுக்குங்களேன்.”

ஜன்னலுக்கு வெளியே, மழையில், கடல் எந்த நிறமும் இல்லாமல் கிடந்தது.

அவள் முகம் கழுவ உள்ளே போனாள். புரூவிட் சட்டென்று பெட்டியைத் திறந்தார். ‘என்னைச் செத்தவன் மாதிரி வரைஞ்சிருக்கீரே!’ என்று பாஸ்டன் பொத்தான் வியாபாரி ஒருவர் முகத்தில் விட்டெறிந்த படம் அடியில் கிடந்தது. கட்டைவிரல் அகலத் தகடுதானே? மாற்றி வைத்துவிட்டார்.

திரும்பி வந்தவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

“அவரேதான்! இந்த மூக்கேதான்!”

படத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, அழுதுகொண்டே மாடியேறிவிட்டாள்.

புரூவிட் கழுத்துப்பட்டியை நிமிர்த்திக்கொண்டார். வாசல்வரை குடை பிடித்து வந்த வேலைக்காரி கெஸையாவிடம், “பார்த்தியா? கட்டினவ மனசுல இருந்த முகத்தை அப்படியே உரிச்சு எடுத்துட்டேன். இதெல்லாம் தெய்வம் குடுத்த வரம்!” என்றார்.

“என்னவோ போங்க ஐயா” என்றாள் கெஸையா. “கல்யாணமான மறுவாரமே கப்பலேறினவரு, திரும்பவே இல்லை. அவரு முகம் அம்மாவுக்கு மறந்துபோய் வருஷக்கணக்காச்சு. அழறதுக்கு யாரோ ஒருத்தர் முகமாவது வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டாங்க.”