ஐஸ் பெட்டி வாங்கப் போகிறவர்

உலகத்தில் ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் உண்டு, ஐஸ் பெட்டி இல்லாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஜாதி ஒன்று இருக்கிறது. அதுதான் ஐஸ் பெட்டி வாங்கப் போகிறவர். நேற்றும் வாங்கப் போனார், இன்றும் போகிறார், நாளையும் போவார். உங்கள் தெருவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆஸ்திரேலியாவில் இருக்கிற எங்கள் டூவும்பாவில் தெருவுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். டிசம்பர் மாதம் தார் ரோடு இளகுகிற ஊரில், சனிக்கிழமை வந்தால் கடற்கரைக்கோ அணைக்கட்டுக்கோ ஓடுகிற ஜனங்களுக்கு நடுவில், பியரையும் மீனையும் கறியையும் குளிராக வைத்திருக்கும் பெட்டியைப் பற்றி ஒருவர் யோசிப்பது தப்பா? தப்பே இல்லை. நாலு வருஷம் யோசிப்பதுதான் கொஞ்சம் அதிகம்.

என் பக்கத்து வீட்டு வாரன் நாலு வருஷம் யோசித்தார். இதே வாரன் தன் வீட்டை ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்துவிட்டு மத்தியானமே முன்பணம் கொடுத்தவர். க்ளெனிஸைச் சந்தித்த ஆறாவது வாரம் அவள் விரலில் மோதிரம் போட்டவர். இரண்டிலும் பெரிய நஷ்டம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஐஸ் பெட்டி என்று வந்தால் மட்டும், "அவசரப்படக் கூடாதுப்பா. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் வரணும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது" என்பார். இந்த இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துகிற பெட்டி எந்தக் கடையிலும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் தேடினார் என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இனத்தாரைக் கடையில் அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள். இவர் அதன்மேல் உட்காருவார். உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மூடியின் ரப்பர் பட்டையை விரலால் தடவி, சுவரின் கனத்தை முழங்கால் மடக்கி அளந்து, தண்ணீர் வடியும் துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்து, பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து மூடிக்கடியில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்ப்பார். காகிதம் வந்துவிட்டால் காற்றும் வந்துவிடும் என்பது சாஸ்திரம். கடைக்காரப் பெண் பொறுமையாக நிற்பாள். அவளுக்கு இது புதிதல்ல.

"எத்தனை நாள் ஐஸ் தாங்கும்?"

"அஞ்சு நாள்னு போட்டிருக்கு சார்."

"நிழல்லயா, வெயில்லயா?"

"அது... போடலியே சார்."

"அதான பார்த்தேன்!" என்று வெற்றியோடு வீட்டுக்கு வருவார். வெறுங்கையோடுதான்.

வீட்டில் அடுத்த கட்டம். இரவல் வாங்கிய மூன்று பெட்டிகளைப் புழக்கடை வெயிலில் வரிசையாக வைத்து, மூன்றிலும் எடை போட்ட ஐஸைக் கொட்டி, மணிக்கொரு தரம் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறிப்பார். குறித்ததை இணையத்தில் போடுவார். டார்வின் ஊரில் இவரைப் போலவே ஒருவர் இருக்கிறார். முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் பரம விரோதி. உருகிய தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. வடிக்கவே கூடாது, அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் மீதி ஐஸைக் காப்பாற்றுகிறது என்பது வாரன் கட்சி. இந்தச் சண்டையில் இரண்டு ஈஸ்டர் கழிந்தது. மனிதர்களையே அவர் பெட்டியைப் போல லிட்டரில் அளக்க ஆரம்பித்துவிட்டார். "நல்ல பையன்தான், ஆனா இருபத்தஞ்சு லிட்டர் ஆளு" என்றார் ஒரு நாள், தன் சொந்த மருமகனைப் பற்றி. இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் குடும்பம் நாலு கோடைக்காலம், தூண்டில் புழு விற்கிற கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியில் வெதுவெதுப்பான பியர் குடித்தது.

இப்போது க்ளெனிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் விருந்து, ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கும் கடற்கரை முகாமில் நடக்கும். பதினெட்டுப் பேர். அண்ணன் டாரில்தான் யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறவர். ஒருவருக்கு ஹாம் என்கிற பன்றித் தொடைக்கறி, ஒருவருக்குப் பழக் கேக், பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒட்டிக்கொண்ட எனக்கு ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே இறால். வேகவைத்த இறாலை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, மேஜைமேல் செய்தித்தாள் விரித்துக் கொட்டினால்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். வெயிலில் கெட்டுப்போனால் பதினெட்டு வயிறும் சேர்ந்து கெடும். ஆகவே இறால் என்பது பண்டம் அல்ல, பதவி. க்ளெனிஸுக்குப் பதினோரு வருஷமாக சாலட்தான். முள்ளங்கியை யாரும் கெடுக்க முடியாது என்று அவள் அக்கா நோலின் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னாள். க்ளெனிஸ் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

போன செப்டம்பரில் டாரில் போன் செய்தார். "க்ளெனிஸ், இந்தத் தடவை இறால் உன் பொறுப்பு. உன் புருஷன்தான் பெட்டியில பட்டம் வாங்கிட்டிருக்கானே!" அவள் வேலியைத் தாண்டி ஓடிவந்து என்னிடம் சொன்னாள். ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி இறாலுக்காகக் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன்.

வாரனுக்கு வேறு வழியில்லை. டிசம்பர் பத்தாம் தேதி பெட்டி வாங்கிவிட்டார். நம்புங்கள், வாங்கிவிட்டார்! பிரமாதமான பெட்டி. வண்டியிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதன் வயிற்றுக்குள் நுழையும் ஒரு கம்பியும், வெளியே டிகிரி காட்டும் ஒரு சின்னக் கண்ணாடியும் அவரே பொருத்தினார். அன்று முதல் அந்த வீட்டில் ஒரே மந்திரம். "மூடியைத் திறக்காதே!" பேரப்பிள்ளைகள் குளிர்பானம் கேட்டால், "முதல்ல என்ன வேணும்னு முடிவு பண்ணு. எந்த மூலையில இருக்குன்னு யோசி. அப்புறம் திற" என்பார். அதற்குள் பிள்ளைகள் குழாயில் குடித்துவிட்டுப் போய்விடும்.

இருபத்துநாலாம் தேதி விடியற்காலையில், கடற்கரையிலிருந்து வருகிற இறால் வண்டிக்கு முன்னால் க்ளெனிஸ் நாலரை மணிக்கே வரிசையில் நின்றாள். வேகவைத்தே விற்கிற இறால், ஆறு கிலோ. ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம். வீட்டுக்கு வந்ததும் வாரன் தடுத்துவிட்டார்.

"குளிராத இறால அப்படியே உள்ள போட்டா ஐஸ் எல்லாம் அதைக் குளிர வைக்கிறதுலயே செத்துப்போகும். ராத்திரி பூரா ஃபிரிட்ஜுல இருக்கட்டும். பெட்டியில ஐஸ் மட்டும் ரொப்பி வைக்கிறேன். காலையில நானே மாத்திடறேன். நீ கையே வைக்காத."

சாஸ்திரப்படி சரிதான். டார்வின் ஆள்கூட ஒத்துக்கொள்வார்.

கிறிஸ்துமஸ் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் கடைசி இடம் எனக்கு, மடியில் ரொட்டி. வாரன் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பிறந்த குழந்தையை முதலில் பார்க்கிறவன் முகம்.

"வாரன், இறாலை வெச்சியா?" என்றாள் க்ளெனிஸ்.

"சரியா பூஜ்ஜியத்துல நிக்குது!" என்றார் வாரன்.

பாதி வழியில் டீசல் போட நிறுத்தியபோது மறுபடி கேட்டாள். "அரை டிகிரிகூட ஏறல!" என்றார். அவள் பின்பக்கம் போய்ப் பட்டையை அவிழ்க்கக் கை வைத்தாள். "திறக்காத! திறந்தா ஒரு மணி நேரக் குளிர் போச்சு. என்மேல நம்பிக்கை இல்லையா?" இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளை இப்படிக் கேட்டால் என்ன சொல்வாள்? கையை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் மேஜைமேல் செய்தித்தாள் விரித்தாகிவிட்டது. எலுமிச்சை நறுக்கியாகிவிட்டது. பதினெட்டுப் பேரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். க்ளெனிஸ் புது ஏப்ரன் கட்டியிருந்தாள். வாரன் பட்டையை அவிழ்த்து, ரப்பர் விடுபடும் சத்தத்தை எல்லோரும் கேட்கட்டும் என்று ஒரு கணம் நிறுத்தி, மூடியைத் தூக்கினார்.

"பாருங்க! ஒரு துண்டு உருகியிருக்கா சொல்லுங்க!"

உருகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஐஸை நான் பார்த்ததில்லை. டாரில் முழங்கை வரை கையை விட்டார். அந்த மூலை, இந்த மூலை, அடி. பிறகு தோள் வரை விட்டார்.

"மாப்ளே," என்றார் மெதுவாக. "இறால் எங்க?"

வாரன் ஐஸைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அது பூஜ்ஜியம் காட்டியது. இறால் மூன்று மணி நேரத் தூரத்தில், டூவும்பாவில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்திரமாக இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கரையில் ஒரு கடை திறந்திருக்காது.

அன்று நாங்கள் ஹாமையும் என் ரொட்டியையும் இறாலுக்கான சாஸில் தொட்டுத் தின்றோம். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நோலின்தான் தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்து, "போகட்டும் விடுடி. அடுத்த வருஷம் நீ பழையபடி சாலட்டே கொண்டாந்துடு" என்றாள். க்ளெனிஸ் ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். எனக்கு வாரன்மேல் அப்போது நிஜமாகவே கோபம் வந்தது. அவரோ சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னுதுதாம்ப்பா. ஒத்துக்கறேன்" என்றார். என் கோபம் கொஞ்சம் இறங்கியது. உடனே சேர்த்துச் சொன்னார்: "ஆனா பெட்டி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது, பார்த்தியா?"

ஏழாம் நாள் முகாமைக் கலைக்கும்போதும் அதில் ஐஸ் இருந்தது. படம் எடுத்து டார்வினுக்கு அனுப்பினார்.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். உங்களுக்கு எதிலும் நிதானம் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் படித்த பிறகு, அந்தக் க்ளெனிஸ் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தபோது என்ன செய்தாள் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா? அல்லது, "அதெல்லாம் கிடக்கட்டும், ஏழு நாள் தாங்கின அந்தப் பெட்டி எது? எத்தனை லிட்டர்? விலை என்ன?" என்று நாக்கு நுனியில் நிற்கிறதா?

நிற்கிறதென்றால் சொல்கிறேன். உங்களிடம் அல்ல. உங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக சாலட் கொண்டுபோகிறவர் யாரோ, அவரைக் கூப்பிடுங்கள், அவரிடம் சொல்கிறேன்.