நாலு இன்ச் உயரமும் மூன்றடுக்கு கேக்கும்

ஆண்கள் வண்டி வாங்கும்போது வீட்டில் சொல்லும் காரணத்துக்கும் உண்மையான காரணத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பழைய ஜீப் ஒன்றை நான் வாங்கியபோது வீட்டில் சொன்ன காரணம், "உன் கேக் டெலிவரிக்கு உதவும் ஜெனி." உண்மையான காரணம் வேறு. ராயபுரத்திலிருந்து சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருக்கும் எங்கள் கடைக்குத் தினமும் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து, கண்ணை மூடினாலும் அவற்றின் சக்கர நட்டுகளே தெரிகிற நிலைமைக்கு வந்திருந்தேன். ஒருநாளாவது உயரமான இடத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். (ஆசை தப்பில்லை. அதை நிறைவேற்றப் போன ஆள்தான் தப்பு.)

ஜீப் வந்த பிறகும் தெரிந்தது அதே சக்கர நட்டுகள்தான். என்ன, இப்போது உட்கார்ந்த வாக்கில் பார்த்தேன். அப்போதுதான் 'லிஃப்ட் கிட்' என்ற பேய் என்னைப் பிடித்தது. வண்டியின் உடம்பைச் சக்கரங்களிலிருந்து சில அங்குலம் மேலே தூக்கிவிடும் ஸ்பிரிங், ஷாக்கப்சர் சாமான்களுக்கு அப்படி ஒரு பெயர்.

இங்கே என் மனைவி ஜெனிபரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கப்பல் சரக்கு ஆபீஸில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தாள். அதுவரை வந்ததெல்லாம் பக்கத்துத் தெரு பிறந்தநாள் கேக்குகள். முதல் பெரிய ஆர்டர் எண்ணூரில் கடலோரம் இருக்கும் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்தது. மொத்த மீன் வியாபாரம் செய்யும் பாக்கியம் அக்கா, தன் அண்ணன் மகள் ரிசப்ஷனுக்கு மூன்றடுக்கு கேக் கேட்டிருந்தார். நன்றாக இருந்தால் குப்பத்து விசேஷங்கள் எல்லாம் இனி உனக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார்.

"இது மட்டும் சொதப்புச்சுன்னா நான் திரும்பவும் பில் அடிக்கப் போயிடணுங்க" என்றாள் ஜெனி. நான் அப்போது போனில் ஸ்பிரிங் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

யூடியூபில் லிஃப்ட் கிட் போட்டவர்களில் ஒருவர்கூட வேலைக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. எல்லோரும் காட்டாற்றில் நின்றார்கள், மலைப் பாறையில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். காலையில் கறிவேப்பிலை வாங்க ஜீப்பை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் சொல்லித் தொலைக்கவில்லை. ஜீப்காரர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். ஒருவர் ஆறு இன்ச் போடு என்றார். இன்னொருவர் டயரை மாற்று என்றார். மூன்றாமவர் வண்டியையே மாற்று என்றார். கோயம்புத்தூரில் கிட் விற்கிற ஒருவர் மட்டும் ஒழுங்காகக் கேட்டார்: "தினமும் ஓட்டறதுங்களா? அப்ப ரெண்டு இன்ச், சாஃப்ட் ஸ்பிரிங். அதுக்கு மேல போகாதீங்க."

ரெண்டு இன்ச்! நல்ல செருப்பு போட்டாலே கிடைக்கிற உயரம் அது. ஆனாலும் அரை மனதோடு ஆர்டர் கொடுக்கப் போனேன். அதைக் கடையில் அப்பாவிடம் சொன்னதுதான் வினை. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காட்டில் இரும்பு விற்றே எங்களை ஆளாக்கியவர்.

"ஏலே செல்வம், சாத்தாங்காட்டுல உக்காந்துக்கிட்டு கோயம்புத்தூர்ல இருந்து கூரியர்ல இரும்பு வாங்கப் போறியா? மார்க்கெட்டுல தெரிஞ்சா சிரிப்பானுவ!"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரும்புக் கடைக்காரன் அட்டைப்பெட்டியில் இரும்பு வாங்குவதா? அன்று மதியமே, எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டுகிற துலுக்காணம் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங்தான் கமான் பட்டை. அதில் அவர் கெட்டிக்காரர் என்று லாரிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

"நாலு இன்ச் தூக்கணும்ணே."

"தூக்கிடலாம் நைனா. வண்டி இன்னா லோடு அடிக்கும்?"

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வண்டியைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஓட்டுகிறவன் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். எத்தனை டன் என்பதை வைத்துத்தான் வண்டிக்கும் மரியாதை, ஆளுக்கும் மரியாதை. சுற்றிலும் டிரெய்லர் டிரைவர்கள் டீயோடு நின்றிருந்தார்கள். "என் சம்சாரம், ஒரு கேக், ஒரு டிபன் கேரியர்" என்று எந்த வாயால் சொல்வது?

"ரெண்டு டன் அடிக்கும்ணே" என்றேன்.

துலுக்காணம் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு டிரைவர் எனக்கு உட்கார இடம்கூட விட்டார். அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது, லாரியில் போடுகிற பட்டைகளாகப் பார்த்து அண்ணன் வண்டிக்கு அடியில் அடுக்கிவிட்டார்.

"மலையே ஏத்து நைனா, குனியாது!"

குனியவே இல்லை. முதல் வேகத்தடையில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்தான் குனிந்தேன். இரண்டாவது வேகத்தடையில் என் டிபன் கேரியரில் சாம்பார் தயிர்சாதத்துக்குக் குடிபோனது. உயரம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அந்த உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் ஓர் இடத்தில் நின்றால்தானே பார்ப்பதற்கு!

"புது ஸ்பிரிங், கொஞ்சம் பழகணும்" என்று வீட்டில் சமாளித்தேன்.

"அது இன்னா செருப்பா, பழகுறதுக்கு?" என்றாள் ஜெனி. ரிசப்ஷனுக்கு வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்று அப்போதே சொன்னாள். வீட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு வாடகைக் காரா? எனக்குச் சுருக்கென்றது. "பாயசம் வச்சு எடுத்துட்டுப் போனாலும் சிந்தாது. நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். என் பொறுப்பின் லட்சணம் தெரிந்தும் அவள் ஏன் நம்பினாள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

ரிசப்ஷன் அன்று மதியம் கிளம்பினோம். கீழ் இரண்டு அடுக்கும் ஒரே பெட்டியில், மெத்தைமேல். மேல் அடுக்கு சின்னப் பெட்டியில், பின்சீட்டில் இருந்த ஜெனியின் மடியில். நான் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். திருவொற்றியூர் தாண்டும்போது ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை. வண்டி மொத்தமும் எழும்பி இறங்கியது. பின்னாலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் பிடரியில் ஜில்லென்று ஏதோ அப்பியது.

மேல் அடுக்கு. வெனிலா.

வண்டியை ஓரம் கட்டினேன். ஜெனி அழவில்லை, திட்டவும் இல்லை. பெரிய பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். கீழ் இரண்டு அடுக்கும் தப்பியிருந்தன. எனக்கோ, அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வேறு வழி தெரியாமல் துலுக்காணம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது!"

"லோடு இன்னா வச்சிகீற?"

"ஒரு கேக்குண்ணே."

"ரெண்டு டன் கேக்கா?"

"இல்லண்ணே. சின்னதுதான்."

"காலி வண்டிய ஓட்டிகினு போய் என்னிய கேக்குறியே! லோடு ஏத்து நைனா, பஞ்சு மாதிரி பூடும்."

எனக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. ஜெனியையும் பெரிய பெட்டியையும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ("வாடகைக் கார்…" என்று ஆரம்பித்தாள், நான் காதில் வாங்கவில்லை) எங்கள் கடைக்குப் பறந்தேன். இரும்புத் தகடுகளை வண்டிக்குள் ஏற்றச் சொன்னேன்.

"யாருக்குலே டெலிவரி?" என்றார் அப்பா.

"யாருக்கும் இல்லப்பா. சும்மா."

அப்பா என் கழுத்திலிருந்த கிரீமைப் பார்த்தார். பிறகு கடை வாசலில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார்.

தகடு ஏற ஏற வண்டி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், நான் வாங்கிய அன்று இருந்த உயரத்துக்கே வந்து நின்றது. கஷ்டப்பட்டுத் தூக்கிய நாலு இன்ச்சைக் கஷ்டப்பட்டு இறக்கியிருந்தேன். டீக்கடைக்குத் திரும்பியதும் ஜெனி ஏறி உட்கார்ந்துவிட்டு, "இப்பத்தான் ஏறுறதுக்கே வசதியா கீது" என்றாள். அவள் கோபம் ஏறினால் ராயபுரத்துப் பேச்சு முழுசாக வந்துவிடும்.

ஆனால் வண்டி நிஜமாகவே பஞ்சு மாதிரி போனது! பள்ளம் வந்ததே தெரியவில்லை. எண்ணூர் வரை நான் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். நெட்டுக்குப்பத்தில் தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பித்தது. பந்தல் கண்ணுக்கெதிரே இருந்தது.

"இங்கயே நிறுத்துங்க, தூக்கிட்டுப் போயிடலாம்" என்றாள் ஜெனி.

"மணல்ல போறதுக்குத்தானே ஜீப்பே!" என்று நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டேன். ஆயுளில் முதல்முறையாக நான் ரோட்டை விட்டு இறங்கினேன். வண்டி நாலு அடி போனது. பிறகு உள்ளே இருந்த இரும்போடு சேர்ந்து அச்சு வரைக்கும் மணலுக்குள் இறங்கியது. பந்தலுக்குப் போகிற ஒரே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னாலேயே மாப்பிள்ளை, பெண் வந்த கார்.

பாக்கியம் அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். "யார்யா இது, கல்யாணத்துக்கு இரும்பு எடுத்தாந்துகீறது?"

ஜெனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரோ தெரியாத ஆள் வண்டியிலிருந்து இறங்குகிறவள்போல என்னைத் தாண்டி நடந்தாள். மாப்பிள்ளை புது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வீடியோக்காரர் எதையும் விடவில்லை. படகுக்காரர்கள் தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்துத் தள்ளினார்கள். பாரம் குறையக் குறைய ஜீப் மறுபடி எழும்பியது.

"மாமு, வண்டி வளர்ந்துகினே போவுதுடா!" என்று ஒருவர் கத்த, பந்தலே திரும்பிச் சிரித்தது.

நான் மணலைத் தட்டிக்கொண்டு பந்தலுக்குள் போனபோது, மேல் அடுக்கு இல்லாத இடத்தைப் பூவால் மறைத்து ஜெனி கேக்கை நிறுத்தியிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாக்கியம் அக்காவுக்கு மீன் எண்ணிப் பழகிய கண்.

"மூணு மாடி சொன்னேன், ரெண்டு மாடிதான் கீது?"

ஜெனி ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். "மூணாவது மாடி அவர் கழுத்துல இருக்குக்கா."

பாக்கியம் அக்கா என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேக் வெட்டியதும் ஒரு துண்டை வாயில் போட்டவர், சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார்.

"சோக்கா கீது பொண்ணே. இனிமே எங்க வூட்டு விசேசம் எல்லாம் நீதான். ஆனா இந்தாளு வண்டில வந்தா வாங்க மாட்டேன். என் மீன் டெம்போ அனுப்புறேன், அதுல அனுப்பு."

எனக்கு அப்போது வந்த நிம்மதியில் அவர் காலில் விழுந்திருப்பேன். வெட்கம் தடுத்தது.

மறுவாரமே கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். அட்டைப்பெட்டியில் வந்த ஸ்பிரிங்கை அப்பா தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரெண்டு இன்ச்சில் ஜீப் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அதனால் என்ன? குப்பத்திலும் ராயபுரத்திலும் என் புகழ் பரவியது பரவியதுதான். ஜெனிக்கு இப்போது ஆர்டர் எடுக்கவே நேரம் போதவில்லை. யார் போன் செய்தாலும் கலர் கேட்பார்கள், ருசி கேட்பார்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள். கேள்வி எனக்குக் கேட்காது. நான் சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஜெனி சொல்கிற பதில் மட்டும் நன்றாகக் கேட்கும்:

"இல்லக்கா, அவர் எடுத்துட்டு வரமாட்டாரு. கேக்கு முழுசா வரும்."