பலாமரத்தின் காலில் விழுந்த கதை

'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்களைக் காட்டி ஏதாவது இயந்திரம் என்னைக் கேட்டால், இதுவரை 'வேண்டாம்' என்று சொன்னதே கிடையாது. படித்துப் பார்த்துவிட்டு அமுக்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். (என் மனைவி கவிதா அந்த ஜாதி. சோப்பு உறையைக்கூட முழுசாகப் படித்த பிறகுதான் பிரிப்பாள்.) எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்க முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்து, நடுவழியில் அந்த பஸ்ஸையே கோட்டை விடுகிற ஆள் நான்.

மாமனாரிடமும் இதே கதைதான். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "எங்களுக்கு ஒரே பொண்ணுங்க மாப்ள. கண்ணாலத்துக்கப்புறம் ஏற்காட்டுலயே நம்ம ஊட்டுல இருந்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் "ஆமாங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் சேலத்துக்காரன் மலையேறி வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். வேலை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் என்பதால் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. மாமா காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அத்தை காலமான பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

வில்லங்கம் கவிதாவின் வேலை வடிவத்தில் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. வருஷக்கணக்காக அவள் எதிர்பார்த்துக் கிடந்த வேலை. அடுத்த மாதம் சேர வேண்டும். போனால் மாமா இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். கூட வாருங்கள் என்றால் வரமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தோட்டத்தையும் அத்தை இருந்த வீட்டையும் விட்டு அவர் சேலத்தில் ஒரு ராத்திரி தங்கினாலே அதிசயம்.

"அப்பா மொகத்தப் பாத்தா எனக்கு அழுகை வந்துரும். நீங்கதான் சொல்லோணும்" என்றாள் கவிதா. வழக்கம்போல 'சரி' என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிலை கொள்ளவில்லை. காலையில் அவர் காபி குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று எதிரில் போய் நிற்பேன். "என்னங்க மாப்ள?" என்பார். "ஒண்ணுமில்லீங்க மாமா, மழை வரும்போல இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சாயங்காலமும் இதே கூத்து. வானம் பளிச்சென்று இருந்த நாளில்கூட மழை வரும் என்று சொன்னேன். மனிதர் பாவம், என்னை நம்பி வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போனார்.

கவிதா வாத்தியார் வேலைக்குப் போகிறவள் அல்லவா, முறையாகப் பயிற்சி எடுக்கச் சொன்னாள். பேச வேண்டியதைப் பேசிப் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றாள். வீட்டுக்குப் பின்னால் காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெரிய பலாமரம் இருக்கிறது. அதை மாமாவாகப் பாவித்து, போனை எதிரில் ஒரு கிளையில் சாய்த்து வைத்துப் பேசினேன். முதல் வீடியோவில் இருமல் மட்டும்தான் வந்தது. அடுத்ததில் சிரித்துக்கொண்டே சொன்னேன். கவிதா பார்த்துவிட்டு, ஏதோ சீட்டு சேர்க்க வந்த ஏஜென்ட் மாதிரி இருக்கிறது என்றாள். அதற்கடுத்தது கோபம். கடைசி வீடியோவில் மனசு தாங்காமல் மரத்தின் காலிலேயே விழுந்துவிட்டேன். (மரத்துக்கு ஏது கால் என்று கேட்கக் கூடாது. விழுந்தவனுக்குத் தெரியும்.)

இதற்கிடையில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அத்தையின் போட்டோக்களும் வீடியோக்களும் ஒரு பழைய லேப்டாப்பில் இருந்தன. அது உயிரை விடும் நிலையில் இருந்தது. மாமா தினமும் சாயங்காலம் அதைத் திறந்து, அது முனகி முனகி விழித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, அத்தை முகத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவார். நாங்கள் போன பிறகு அதுவும் செத்துப்போனால் அவர் என்ன செய்வார்? எனவே வைஃபையில் இயங்கும் பேக்கப் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால், படுத்த இடத்திலிருந்து போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்தப் பரிசைக் கொடுத்து, அவர் மனசு இளகியதும் விஷயத்தைச் சொல்வது என்பது திட்டம். சுத்தமான லஞ்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையை ஆரம்பித்தேன். கவிதா ஒண்டிக்கடை பஜாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். எங்கள் வீட்டு டிவி ரிப்பேர் என்பதால் மாமா கபடிப் போட்டி பார்க்கக் சந்தில் எங்களுக்குக் கீழே சரிவில் இருக்கும் சரோஜா அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி முதலில் தனக்கென்று தனியாக ஒரு வைஃபையைப் பரப்பும். போனை அதில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். 'இதில் இன்டர்நெட் இல்லை' என்று போன் தானாகவே கழன்று வந்துவிட்டது. மறுபடி சேர்த்தேன், மறுபடி கழன்றது. பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அது நீலமாக மாறும்வரை காத்திருக்கவும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. நானாவது காத்திருப்பதாவது. பிளக்கைப் பிடுங்கினேன், சொருகினேன். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் பிடுங்கினேன். அது பாட்டுக்கு மினுக்கியது.

ஒருவழியாக நீலம் வந்து கேள்விகள் வரிசை கட்டின. புதிதாக ஒரு வைஃபை உருவாக்கவா, ஏற்கெனவே உள்ள வீட்டு வைஃபையில் சேர்க்கவா? இதற்கு மட்டும் யோசித்து, வீட்டு வைஃபை என்று சரியாகச் சொன்னேன். அந்தப் பெருமையில் மற்றதையெல்லாம் படிக்கவில்லை. இந்தப் போனில் உள்ள வீடியோக்களையும் நகல் எடுக்கவா? ஆம். இந்த வைஃபையில் உள்ள எல்லா டிவியும் போனும் பார்க்க அனுமதிக்கவா? ஆம். வீட்டில் இருப்பதே மூன்று பேர், டிவியோ ரிப்பேர், யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டு வைஃபை எங்கள் வீட்டு வைஃபை இல்லை என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். எங்கள் சந்தில் இன்டர்நெட் வயர் எங்கள் வீடு வரைக்கும்தான் வந்தது. அதற்குக் கீழே சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி இழுக்க முடியாது என்று கேபிள்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. மிளகு பறிக்கும் ஏணியை எப்படிச் சந்துக்கே பொதுவில் விட்டிருந்தாரோ, அப்படியே வைஃபையையும் விட்டார். ஓட்டுக்கு அடியில் இன்னொரு ஆன்டெனாவை வைத்து, வீடு வீடாகப் போய்ப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வந்தார். ஆகவே அந்த ஒரு 'ஆம்' மூலம் நான் சந்தில் உள்ள அத்தனை டிவிக்கும் அனுமதி கொடுத்திருந்தேன்.

அடுத்து நடந்தது மழையின் வேலை. டிஷ்ஷில் சிக்னல் போய்க் கபடி நின்றுவிட்டது. சரோஜா அக்கா ரிமோட்டில் எதையெதையோ அமுக்க, 'புதிய வீடியோக்கள் உள்ளன' என்று டிவி காட்டியிருக்கிறது. அதையும் அமுக்கிவிட்டார்.

என் போன் அடித்தது.

"ஏனுங்க மாப்ள, உங்கள டிவில காட்றாங்க. எதுக்குங்க நம்ம பலாமரத்துகிட்ட இருமிக்கிட்டு நிக்கறீங்க?"

மாமா அங்கே இருக்கிறாரா என்று கேட்டேன். முன்னாடியே சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார் அக்கா.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிளக்கைப் பிடுங்குவான். மதியம் முழுக்க அதைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியவன், பிடுங்கியே ஆக வேண்டிய நேரத்தில் மழையில் இறங்கி ஓடினேன். காபிச் செடிகளுக்கு நடுவே சறுக்கி விழுந்து, ஒற்றைச் செருப்போடு, உடம்பெல்லாம் சேறாகப் போய்ச் சேர்ந்தேன். பாதிச் சந்து அங்கே இருந்தது. கோப வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாத்துக்கும் உங்ககிட்டக் கேட்டுட்டேதான் நிக்கோணுமா?" என்று டிவியில் நான் பலாமரத்தை மிரட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே பாய்ந்து டிவிக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நவுருங்க மாப்ள, மறைக்குது."

நகர்ந்தேன். கடைசி வீடியோ வந்தது. "உங்களத் தனியா உட்டுட்டுப் போக மனசே இல்லீங்க மாமா. ஆனா கவிதா நொம்ப நாளா ஆசப்பட்ட வேலைங்க. எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, டிவியில் இருந்தவன் மரத்தடியில் விழுந்து கிடந்தான். சேற்றோடு நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். அவமானத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"எப்பச் சேரோணுமாம்?" என்றார் மாமா.

"அடுத்த மாசங்க மாமா."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டு மேட்டில் ஏறினார். வீட்டு வாசலில் நின்று குடையை மடக்கினார்.

"புள்ள போகட்டுங்க. போகத்தான படிக்க வெச்சேன். அந்தக் கோவமாப் பேசுனது நல்லா இருந்துச்சுங்க. அதையே எங்கிட்டப் பேசியிருக்கலாம்."

அடுத்த மாதம் கோயம்புத்தூர் வந்துவிட்டோம். கிளம்புவதற்கு முன் அத்தையின் படங்களையெல்லாம் பெட்டியில் ஏற்றி, மாமாவின் போனையும் அதோடு இணைத்துவிட்டு வந்தேன். (இந்தப் போனில் உள்ள வீடியோக்களையும் நகல் எடுக்கவா என்று கேட்டது. ஆம்.) எங்கள் சந்தில் அந்தப் பலாமரத்துக்கு இப்போது 'பெரிய மாமனார்' என்று பெயர். சீசனில் பலாப்பழம் பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம், பெரியவர் மாப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினார் என்று தகவலும் கூடவே வரும். ஏற்காட்டுக்குப் போய் இறங்கினால், சின்னவர் காலில் விழுவதற்கு முன் பெரியவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை.

மாமா போனில் பேசினால் எதையும் கேட்க மாட்டார். நல்லா இருக்கீங்களா, இங்கே மழை, வைக்கட்டுமா, அவ்வளவுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சரோஜா அக்கா கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, டிவில உங்க மாமா பெரியவர்கிட்ட நின்னு பேசறாருங்க. நாலஞ்சு வீடியோ வந்துருச்சு. 'கண்ணு, இந்த வாரம்...'ங்கறாரு, அப்புறம் 'ஒண்ணுமில்ல, மழை வரும்போல இருக்குது'ன்னு நிறுத்திக்கறாரு. கெளம்பி வந்துருங்க சாமி."

அன்று சாயங்காலமே கிளம்பினோம். அந்தப் பெட்டியில் நான் கொடுத்த 'ஆம்' இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.