தனகோடி ஸ்கூட்டருக்கு மார்கழிச் சளி

'சூடேறினா சரியாப்பூடும்' என்று சொல்கிற ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல், அவர் வண்டிக்கு முப்பதுக்கு மேல், இரண்டுமே காலையில் சுலபத்தில் கிளம்பாது. ஆனால் வயதாகிவிட்டது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். இப்போது வரும் வண்டியெல்லாம் தகர டப்பா என்று ஆரம்பித்து, இப்போதைய பிள்ளைகளுக்கு முப்பதிலேயே முதுகுவலி என்பது வரைக்கும் வந்து, நடுவில் ஒரு தடவை தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை நீங்கள் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் முடிப்பார்.

எங்கள் திருப்போரூர்த் தெருவில் அந்தப் பதவியை வகிப்பவர் தனகோடி. முப்பத்து மூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளியவர், இப்போது ஸ்கூட்டர் தள்ளுகிறார். ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைக்கவேண்டிய பழைய கியர் ஸ்கூட்டர். ஏன் சாய்க்கவேண்டும் என்று கேட்டால் 'பெட்ரோல் எறங்கும்' என்பார். இறங்குகிறதோ இல்லையோ, அவர் சாய்க்கிறார், நாங்கள் பார்க்கிறோம்.

மற்ற மாதங்களில் எப்படியோ சமாளித்துவிடுவார். மார்கழி வந்தால்தான் ஆபத்து. எங்கள் பக்கத்துக் குளிர் என்ன பெரிய குளிர்? மாமல்லபுரம் பக்கமிருந்து கொஞ்சம் கடல்காற்று வீசி, விடியற்காலையில் இருபது டிகிரிக்கு இறங்கும். ஊட்டிக்காரர்கள் அதற்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவார்கள். தனகோடியோ தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், காதில் பஞ்சு, காலில் கிழிந்த சாக்ஸ் என்று இமயமலைக்குக் காவல் போகிற கோலத்தில் வாசலில் நிற்பார். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல கம்பளி எங்கே என்று கேட்கிறீர்களா? ஸ்கூட்டர்மேல். அவர் மனைவி சாரதாம்பாள் போர்த்திக்கொள்வது இரண்டு பழைய நூல் புடவைகளைச் சேர்த்துத் தைத்தது.

'உனுக்கு ஒடம்புல சூடு கீது சாரதா. அது இரும்பு, அதுக்கு ஏது?'

இதற்கு அந்த அம்மாள் என்ன பதில் சொல்வார்? இரும்பாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இந்த ரகத்தைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். வண்டியைப் பற்றிப் பேசினால் டாக்டர் ஆகிவிடுவார், உடம்பைப் பற்றிப் பேசினால் மெக்கானிக் ஆகிவிடுவார். ஸ்கூட்டருக்குச் சளி பிடித்திருக்கிறது, நெஞ்சில் கட்டிக்கொண்டிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. அவருடைய முழங்காலில் கிரீஸ் காய்ந்துவிட்டது, இடுப்பில் ஒரு நட்டு லூஸ், கழுத்தில் பேரிங் தேய்மானம். நிஜ டாக்டரிடம் போகமாட்டார், போனால் மாத்திரை எழுதிவிடுவார். நிஜ மெக்கானிக்கிடம் போவார், ஆனால் வண்டியைத் தொடவிடமாட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் துரையிடம் கார்த்திகைக் கடைசியில் போனபோது நடந்தது இது.

'அண்ணாத்த, ஆக்ஸிலேட்டர் கேபிள் டைட்டா கீது. உள்ள துரு. மாத்திடலாம், அர மணி நேர வேலை.'

'மாத்தறத வுட்டா உனுக்கு இன்னாடா தெரியும்? ரெண்டு சொட்டு எண்ண வுட்டா சரியாப்பூடும்.'

வீட்டுக்கு வந்தார். சாரதாம்பாள் தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தார். ரெண்டு சொட்டு என்றவர், கேபிளுக்குள் அரை பாட்டிலை இறக்கினார். அன்றைக்கு மழை விட்டு நல்ல வெயில். ஆக்ஸிலேட்டர் வழுக்கிக்கொண்டு திரும்பியது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் திருகிக் காட்டினார். நானும் திருகிப் பார்த்துப் பாராட்டினேன். பாராட்டாவிட்டால் வீட்டுக்குப் போகவிடமாட்டார்.

இதெல்லாம் அவருடைய முழங்கால், அவருடைய வண்டி என்றால் எனக்கென்ன வந்தது? விஷயம் சாரதாம்பாளின் கண். இரண்டிலும் புரை. இரண்டு வருடமாக அந்த அம்மாளுக்குப் பஸ் போர்டு தெரியாது, அரிசியில் கல் தெரியாது, எதிரில் வருவது மாடா மனிதரா என்பது தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிடுவார். வலது கண் முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் வம்பு என்று செங்கல்பட்டில் கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆப்பரேஷனுக்குக் குறித்த தேதி ஏற்கெனவே இரண்டு முறை தவறிவிட்டது. ஒன்று அந்த அம்மாளின் சர்க்கரையால், ஒன்று இவருடைய ஸ்கூட்டரால். மூன்றாவது தேதி மார்கழி பதினைந்து, காலை ஏழரை மணி.

முதல்நாளே எதிர்வீட்டு ஜோஷ்வாவின் மகள் ஜாக்குலின் வந்து கேட்டாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்.

'அங்கிள், நாளைக்கு எனக்கு லீவுதான். ஆன்ட்டிய என் வண்டில கூட்டினு போறேன்.'

'நம்மகிட்ட வண்டி கீறப்போ இன்னொருத்தர் வண்டில இன்னாத்துக்கும்மா போவணும்?'

பஸ்? நெரிசல். ஆட்டோ? ஏமாற்றுவான். ஆக, பிரயாணம் முடிவாயிற்று.

காலை ஐந்தரை மணி. கோயில் ஒலிபெருக்கியும் தனகோடியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். கம்பளியை விலக்கினார், சாய்த்தார், நிமிர்த்தினார், உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி சாய்த்தார், உதைத்தார். ப்ளக்கைக் கழற்றி, ஆஸ்பத்திரிக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டால் துடைத்து, வாயால் ஊதி, திரும்பப் பூட்டி உதைத்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நாலு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. எட்டாவது உதையில் கிக்கர் திருப்பி உதைத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஒற்றைக்காலில் நின்றவர், தவம் கலைந்ததும் மறுபடி உதைத்தார்.

வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. அலறல் நிற்கவேயில்லை. திருகிய ஆக்ஸிலேட்டர் திருகிய இடத்திலேயே நின்றுகொண்டது. வேறு யாராக இருந்தாலும் சாவியைத் திருப்பி அணைத்திருப்பார். இவர்?

'பாத்தியா சாரதா, இன்னா கணீர்னு கீது! ஏறு, ஏறு!'

சொல்லிக்கொண்டே கியரைப் போட்டுவிட்டார். ஸ்கூட்டர் துள்ளிக் குதித்து, அவரைச் சாக்கடை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் போய் ஜோஷ்வா வீட்டு மதில் சுவரில் முட்டி நின்றது. சாரதாம்பாள் அப்போது கேட்டருகே நின்று, பூட்டில் சாவி போடும் துளை தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தால் பின்சீட்டில் இருந்திருப்பார். இரண்டு வருடத்தில் அந்தப் புரை செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

'இன்னாங்க! அடி கிடி பட்டுச்சா?' என்று சத்தம் வந்த திசையில் ஓடி வந்தார்.

'ஒண்ணுமில்ல. தொரைக்குப் போன் போடு, வந்து பாக்கட்டும். இல்லன்னா டாக்டராண்ட சொல்லி பொங்கலுக்கு அப்பால தேதி வாங்கிக்கலாம். கண்ணு எங்க ஓடிடப் போவுது?'

அந்த அம்மாள் அவருடைய கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். எலும்பு எதுவும் முறியவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தார்.

'ஜாக்குலினு, உன் வண்டி கெளம்புமாம்மா?'

ஜாக்குலின் ஒரு பட்டனை அமுக்கினாள். கிளம்பிவிட்டது. சாய்க்கவில்லை, உதைக்கவில்லை, ஊதவில்லை. தன் அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்து அந்த அம்மாளுக்கு மாட்டிவிட்டாள்.

'சாரதா! நான் இங்க வுழுந்து கெடக்கறேன், நீ...'

'கண்ணு என்னுது. வண்டி உங்குளுது. நீங்க அதும்கூட இருங்க.'

அவ்வளவுதான், போய்விட்டார்கள். நாற்பது வருட தாம்பத்தியத்தில் அந்த அம்மாள் இடைமறிக்கப்படாமல் பேசி முடித்த முதல் பேச்சு அது என்று நினைக்கிறேன். எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. ஆனால் என் இரண்டு கையும் அவருடைய கக்கத்தில் இருந்தன. நானும் ஜோஷ்வாவும் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தோம்.

துரை வந்து கேபிளைக் கழற்றினான். உள்ளிருந்து வெள்ளையாக, மெழுகுபோல, உறைந்துபோன தேங்காய் எண்ணெய் உதிர்ந்தது.

'அண்ணாத்த, மார்கழில வூட்ல எண்ண பாட்டில பாத்ததே இல்லியா நீ? அக்கா தெனிக்கும் வெயில்ல வெச்சி உருக்கறாங்களே, அது இன்னாத்துக்கு?'

முப்பது மார்கழியாக அந்தப் பாட்டில் ஸ்கூட்டருக்கு இரண்டடி தள்ளி வெயிலில் நின்றிருக்கிறது. தனகோடி அதைப் பார்த்ததில்லை. புரை வீட்டில் ஒருவருக்குத்தான் என்று யார் சொன்னது?

ஆப்பரேஷன் முடிந்து மறுநாள் கண் கட்டைப் பிரித்தார்கள். மத்தியானம் சாரதாம்பாள் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். தனகோடி கட்டிலில் இடுப்புக்கு வெந்நீர்ப் பையைக் கொடுத்துப் படுத்திருந்தார். நலம் விசாரிக்கப் போன நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை மெல்ல உயர்த்தினார். சுவரைப் பார்த்தார், காலண்டரில் தேதியைப் படித்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

'இன்னா சாரதா, நல்லா தெரியுதா?'

'தெரியுதுங்க.' கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். 'இன்னாங்க... எப்ப இவ்ளோ வயசாச்சு உங்குளுக்கு?'

எதற்கும் பதில் வைத்திருக்கிற தனகோடி, வெந்நீர்ப் பையை நகர்த்தி வைப்பதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குல்லாவுக்குள் நரைத்த மயிரும், தொங்கின தாடையும், எழுந்திருக்க முடியாத இடுப்பும் இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தன. தெரியவேண்டிய ஒருத்திக்கு எல்லாமே பனிமூட்டம். அதனால்தான் தேதிகள் தள்ளிப்போயின என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரன், சொல்லக்கூடாது.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். உங்களிடம் பழைய ஸ்கூட்டர் இல்லை, குரங்குக் குல்லா இல்லை, உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சந்தோஷம். எதற்கும் இன்றைக்கு வீட்டில் இருப்பவரிடம் போய், 'நான் பார்க்க எப்படி இருக்கேன்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'உங்களுக்கென்ன, கல்யாணத்தப்ப பார்த்த மாதிரியே இருக்கீங்க' என்று யோசிக்காமல் பதில் வந்தால் மகிழ்ந்துபோகாதீர்கள். உடனே அவருக்குக் கண் டாக்டரிடம் தேதி வாங்குங்கள்.