ராசாத்தி தலைமேல் சத்தியம்

மாத்தளை டவுனில் பாலுக்காக மாடு வளர்த்தவர்கள் பலர் இருந்தார்கள். சத்தியம் செய்வதற்கென்றே மாடு வளர்த்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அந்த மகானுபாவர்தான் எங்கள் சந்துக்குப் பால் ஊற்றினார்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கொக்கோ ஸ்டோருக்குப் பின்னால் ஏழு வீடுகள் இருந்த சந்து அது. ஐந்தாவது வீடு எங்களுடையது. என் கணவருக்கு அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை. காலை ஆறு மணிக்கு மழையோ பனியோ, சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு பால்காரர் வந்துவிடுவார். என்னிடம் ஒரு பீங்கான் சட்டி இருந்தது. அதன் அடியில் ஒரு சிவப்பு ரோஜாப்பூ வரைந்திருக்கும். அவர் பாலை ஊற்றிய பிறகும் அந்தப் பூ இதழ் இதழாகத் தெரியும்.

"என்னா அண்ணே, பால் இப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும், வலது கை மேலே போய்விடும்.

"ராசாத்தி தலைமேல சத்தியம்மா! ஒரு சொட்டு தண்ணி சேர்த்திருந்தா அவ இன்னிக்கே கீழ விழுந்து செத்துப்போகட்டும்!"

ராசாத்தி என்பது அவருடைய பசு. தினமும் ஏழு வீட்டு வாசலிலும் அவள் தலைமேல் சத்தியம் நடக்கும். அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முகத்துக்கு நேரே 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'சத்தியம்'. அவ்வளவுதான்.

எங்கள் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்தபோதுதான் இந்த மனிதர் என் உயிரை வாங்கத் தொடங்கினார். தாய்ப்பாலோடு மெல்ல மெல்ல வேறு ஆகாரம் பழக்குகிற காலம். ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்து மசித்து ஊட்டினேன். இரண்டாம் நாளே வாயைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பிறகு வாந்தி. அதற்குப் பிறகு வயிற்றோட்டம். பல் முளைக்கிறது என்றார்கள் சிலர், கண்ணூறு என்றார்கள் சிலர். மூன்றே கிழமையில், இருபத்தோரு நாளுக்குள், பாப்பாவின் வளையல் மணிக்கட்டிலிருந்து நழுவி முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. 

டிஸ்பென்சரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பாப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசும்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைக்கிறன். பால், தயிர், வெண்ணெய், பால்மா எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. உங்கட பால் மட்டும் குடுங்கோ. கஞ்சி, பூசணிக்காய், வாழைப்பழம் குடுக்கலாம். ஒரு மாதம் பாப்பம்."

மறுநாள் காலை சத்தியத்திடம் பால் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"ராசாத்தி பால் ஒத்துக்கலயா? யாரு சொன்னா? அந்த டாக்டர் என் மாட்டப் பாத்திருக்காரா?"

"இல்ல அண்ணே."

"பாக்காம எப்படிம்மா சொல்லுவாரு?"

ஒன்பது மணிக்கு ராசாத்தியைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, டிஸ்பென்சரி வராந்தாத் தூணில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். இருமல்காரர்களும் காய்ச்சல்காரர்களும் வாங்குப் பலகையில் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். தன் முறை வரும்வரை சத்தியம் வரிசையில் நின்றாராம். டாக்டர் எட்டிப் பார்த்து, "நாக்கை நீட்டச் சொல்லும்" என்றாராம். ராசாத்தி நீட்டியிருக்கிறாள். "நல்ல சுகமாய் இருக்கிறா. கூட்டிக்கொண்டு போம்." அந்த ஒரு வார்த்தை போதாதா? மாட்டை ஊர்வலமாக எங்கள் சந்துக்கே கூட்டிவந்து, "டாக்டரே சொல்லிட்டாரு, இவளுக்கு ஒரு நோயும் இல்ல!" என்று ஏழு வீட்டுக்கும் அறிவித்தார். நோய் மாட்டுக்கு இல்லை, பிள்ளைக்குத்தான் என்று நான் கத்தியது ஒரு காதிலும் விழவில்லை.

அடுத்த நாள் சாட்சிகளைக் கொண்டுவந்தார். சந்தில் இருந்த ஆறு பிள்ளைகளை எங்கள் கேட்டுக்கு முன்னால் உயரப்படி நிறுத்தினார்.

"பாருங்கம்மா, இதுக எல்லாம் ராசாத்தி பால் குடிச்சு வளந்ததுங்க. எதுக்காவது தடிப்பு இருக்கா?"

ஒன்றுக்கு முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சிரங்கு. அதை மட்டும் தான் கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, சந்துக்கே அவர் ராத்தா, விளக்குமாற்றோடு வந்து, "ஸ்கூலுக்குப் போற புள்ளைகள ஏன் இங்க நிப்பாட்டி வச்சிருக்கீங்க?" என்று தன் மூன்றையும் இழுத்துக்கொண்டு போனதால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்குமேல் என்ன என்று நினைத்தால், இன்னும் இருந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் பால் கிடையாதே, அவர் நிற்காமல் போகலாம் அல்லவா? மாட்டார். தினமும் கேட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு, சந்தின் இரண்டு முனைக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுப்பார்.

"அம்மா! நேத்து பாப்பாவுக்கு எப்படிப் போனிச்சு? தண்ணியாவா, கெட்டியாவா?"

கந்தோருக்குப் புறப்படுகிற ஆண்கள் எல்லாம் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். பதில் சொல்லாமல் விட்டால் இன்னும் உரக்கக் கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, பாப்பாவுக்கு நல்ல நாளென்றால் எங்கள் கேட் தூணில் கரியால் ஒரு கோடு போடுவார். தடிப்போ வாந்தியோ வந்த நாளென்றால் பெருக்கல் குறி. பால் நிறுத்திய பிறகும் பாப்பாவுக்கு வருகிறது, ஆகவே ராசாத்தி நிரபராதி. இதுதான் அவர் வாதம். பெருக்கல் போடும்போது முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும். உள்ளே பாப்பா அழுகிற சத்தம் கேட்டதும் அது அணைந்துவிடும்.

"இந்த ஆள இனிமே வர வேணாம்னு சொல்லுங்க" என்று கணவரிடம் அழுதேன். "சொன்னா அதுக்கும் ராசாத்தி மேல சத்தியம் பண்ணுவாரு" என்று அவர் தினசரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா? பாப்பாவின் கரண்டியைத் தனியாகக் கொதிக்கவைத்தேன். ராத்தா ஆசையோடு அனுப்பிய வட்டிலாப்பம் தேங்காய்ப்பாலில் செய்ததுதான், அதைக்கூடப் பாப்பாவின் கண்ணில் காட்டவில்லை. அப்படியும் ஐந்து நாள் நன்றாக இருப்பாள், மறுபடியும் தடிப்பு வரும். ஐந்து கிழமைக்குப் பிறகு டாக்டர் நிறுத்துப் பார்த்தார். எடை ஏறவே இல்லை.

"பால் சாமான் ஒண்டும் குடுக்கேல்லைத்தானே?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்."

"அப்ப பாலால இல்லைப் போல கிடக்கு. வாற கிழமை கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவம்."

 மறுநாள் காலை சத்தியம் கேட்டுக்கு வந்தபோது, அவர் வாயைத் திறக்க முன்பே வெடித்தேன்.

"உங்க மாடு குத்தவாளி இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு. பாப்பாவ கண்டிக்கு அனுப்பப் போறாங்க. இப்ப சந்தோசமா அண்ணே?"

அவர் சத்தியமும் செய்யவில்லை, சந்துக்காரர்களை அழைக்கவுமில்லை. தூணைப் பார்த்துக்கொண்டே நின்றார். விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டுக் கீழே வந்தார்.

"அம்மா, இதப் பாருங்க. அஞ்சு கோடு வருது, ரெண்டு பெருக்கல் வருது. மறுபடியும் அஞ்சு, மறுபடியும் ரெண்டு. பெருக்கல் எல்லாம் சனிக்கிழமதான் ஆரம்பிக்குது. வெள்ளிக்கிழம பாப்பாவுக்கு என்னா குடுக்குறீங்க?"

"மத்த நாள் மாதிரிதான் அண்ணே. கஞ்சி, பூசணிக்காய். பின்னேரம் கோயிலுக்குப் போவோம்."

"கோயில்ல?"

"பாப்பா பேருல அர்ச்சன. அப்புறம் ஐயர் குடுக்குற தீர்த்தத்துல ஒரு சின்னக் கரண்டி..."

"என்னா தீர்த்தம்மா?"

"பாலாபிஷேகத் தீர்த்தம்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். ரஸ்க்கைப் பார்த்துப் பயந்தவள், பால்மா டின்னைக் கண்டால் ஓடியவள், இதை மட்டும் பால் என்று நினைக்கவே இல்லை. மடியிலிருந்து கறந்து அம்மன்மேல் ஊற்றிவிட்டால் அப்புறம் அது எனக்குப் பால் இல்லை, பிரசாதம். பாப்பா குணமாக வேண்டும் என்று ஒன்பது வெள்ளிக்கிழமை நேர்ந்துகொண்டு, ஐந்து வெள்ளி என் கையாலேயே அதை ஊட்டியிருக்கிறேன். ஊரையெல்லாம் திட்டினேன். குற்றவாளி நான்தான். வாய்விட்டு அழுதேன்.

சத்தியம் தூணடியிலேயே குந்திவிட்டார்.

"அது ராசாத்தி பாலும்மா. பாப்பாவுக்குச் சுகமாகணும்னு நானும் நேர்ந்துக்கிட்டேன். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு ஐயர்கிட்ட சொல்லி, வெள்ளிக்கு வெள்ளி ஒரு போத்தல் குடுத்தேன். அதுல மட்டும் ஒரு சொட்டு தண்ணி சேர்க்கலம்மா!"

அழுதுகொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"அதுல மட்டுமா அண்ணே?"

அவர் தொண்டையைச் செருமினார். "இப்ப அதுவாம்மா முக்கியம்?"

டாக்டர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "அம்மனுக்கு எவ்வளவும் ஊத்துங்கோ. பிள்ளைக்கு ஊத்தாதேங்கோ" என்று இரண்டு கிழமை தவணை கொடுத்தார். மிச்சமிருந்த நாலு வெள்ளிக்கும் சத்தியம் செவ்விளநீர்க் குலையோடு கோயிலுக்கு வந்தார். தூணில் கோடுகள் மட்டுமே விழுந்தன. வளையல் மெல்ல மெல்ல முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. கண்டிப் பேச்சு நின்றது. அதன் பிறகு பாப்பாவைத் தூக்க வேண்டுமென்றால், சத்தியம் முதலில் எங்கள் பைப்படிக்குப் போய் மூன்று தரம் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவுவார். கழுவிய கையை என்னிடம் முகரவும் கொடுப்பார்.

ஒருநாள் காலை பக்கத்து வாசலில் ராத்தாவின் குரல் கேட்டது. "பால் தண்ணியில்லாம இருக்கா?" என்று பழக்கத்தில் கேட்டிருக்கிறார். உடனே சத்தியத்தின் குரல்:

"பாப்பா தலைமேல சத்தியம் ராத்தா! ஒரு சொட்டு தண்ணி கெடையாது!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் பிள்ளை தலையா கிடைத்தது இந்த மனிதருக்கு? அகப்பையும் கையுமாக ஓடினேன். ராத்தாவின் கையில் இருந்தது என் ரோஜாப்பூச் சட்டி. எங்கள் வீட்டில் பால் நின்ற பிறகு நான்தான் கொடுத்திருந்தேன். சண்டைக்கு வாயைத் திறந்தவள், சட்டிக்குள் பார்த்தேன்.

பூ தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆறு வீட்டுக்கும் கெட்டிப் பால் வந்தது. வேறு யாராவது என் பிள்ளை தலைமேல் சத்தியம் செய்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அவர் தினமும் செய்தார். எனக்கு ஒருநாளும் பயம் வரவில்லை.